முந்நூற்றைம்பது மில்லி

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். குறைந்த எடையில் பிறந்த பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வார்டு அது. எப்போது பால் கொடுத்தேன், எத்தனை மில்லி, ஒன்றுக்குப் போனதா என்றெல்லாம் எழுதிக் கொண்டுவரணுமாம். எழுதத் தெரியுமா என்று அங்கே ஒரு சிஸ்டர் கேட்டாள். அஞ்சாவது வரை படித்திருக்கிறேன் என்றேன். அப்படியா என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே எழுதுகிறேன்.

காலையில் 35. அடுத்தது 35. மத்தியானம் 25, மீதியைக் கக்கிவிட்டது.

பிள்ளையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பால். எடை கூடினால் பாலும் கூடும். கூடாவிட்டால் என்ன செய்ய என்று கேட்டதற்கு, இங்கே கொண்டு வாங்க என்றாள். உங்களிடம் கொண்டு வந்த ஒருத்தியைத்தான் துணியில் கட்டித் திருப்பித் தந்தீர்களே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பிரமு போய் மூன்று வாரம். பிரம்மசக்தி என்று பெயர். எனக்கு ஒரே மகள். அவள் அப்பா இல்லை. தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். தாலுகா ஆஸ்பத்திரியில் காலையில் பிள்ளை பெற்றாள். மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது.

பிள்ளை பெண். நான் தூக்கினால் அழுகிறது. அழுதால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பாவம் என்று வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 5, சனி

35, 35, 30, 35. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் மதினி வந்து, பீடி இலைத் தூசி பச்சைப்பிள்ளைக்கு ஆகாது, பீடி சுற்றுகிற தட்டை அந்தப் பக்கம் கொண்டுபோ என்றாள். என் தட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கும் என்றேன். அவள் போனபிறகு எடுத்து அடுப்படியில் வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

ஜெபக்கனி வந்தாள். எங்கள் பக்கத்துக்குக் கிராம சுகாதார நர்ஸ். பிரமு மாசமாக இருந்தபோது சத்து மாத்திரை கொண்டு வந்து, முழுங்குகிறாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போவாள். இப்போது கையில் ஒரு கட்டுத் தாள். பிரசவத்தில் தாய் செத்தால் வீடு தேடி வந்து விசாரிக்கணும் என்று உத்தரவாம்.

நாற்காலியைப் போட்டேன். காப்பி கொடுக்கவில்லை.

பிரமுவின் வயசு கேட்டாள். உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும்க்கா, நீங்க சொல்லித்தான் எழுதணும் என்றாள். இருபத்துமூன்று. எத்தனையாவது பிரசவம், உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, ரத்தம் எத்தனை இருந்தது. என் மகளைக் கறிக்கடைத் தராசில் வைத்த மாதிரி இருந்தது. எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டேன். ஒரு லட்சம் பிள்ளை பிறந்தால் எத்தனை தாய் சாகிறாள் என்று சர்க்கார் எண்ணுகிறதாம். அந்த எண்ணைக் குறைக்கணுமாம்.

"ஒங்களுக்கு லட்சத்துல ஒண்ணு. எனக்கு இருந்ததே ஒண்ணு" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

சொன்னேன். பிள்ளை பிறந்து வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். அப்புறம் பிரமுவைப் பக்கத்து வார்டில் கட்டிலில் போட்டார்கள். வீட்டிலிருந்து பழைய பருத்தித் துணி கொண்டு வாங்க என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். கொண்டுபோயிருந்தேன். ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. நனைய நனைய நான் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு வேறு துணி வைத்தேன். ஈரத்தில் கிடக்க விடுவேனா. அந்த வார்டில் அடுத்த கட்டில்காரியின் அண்ணன் தம்பி எல்லாம் ஓர்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வந்து போகிறார்கள். ஒரு துணி அவர்கள் கண்ணில் படவிடவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டேன்.

ஜெபக்கனி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, துணிய நீங்களா எடுத்திய?"

வேறு எவள் எடுப்பாள் என்றேன்.

"சிஸ்டர் பாத்தாவளா?"

அவள் எங்கே வந்தாள், வந்தாலும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போவாள் என்றேன்.

இதை எழுதவேண்டாம்க்கா என்றாள். ஏன் என்றேன். தாளைத் திருப்பினாள். எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். அப்புறம் வாசித்தாள். ரத்தப்போக்கு 350 மில்லி, சாதாரணம். இறப்புக்குக் காரணம் ரத்தசோகை, இருதயம் நின்றது. ஆயிரம் மில்லி சேர்ந்தால் ஒரு லிட்டர் என்று விளக்கினாள். முந்நூற்றைம்பது எல்லாத் தாய்க்கும் போகிறதுதானாம். அதற்கே ஒருத்தி செத்தாள் என்றால் அவள் உடம்பில்தான் ஏதோ குறை என்று அர்த்தமாம்.

நீ கொடுத்த மாத்திரையை ஒரு நாள் விடாமல் தின்றாளே, அப்புறம் எப்படிச் சோகை என்றேன். வாசல் வரை போய்த் திரும்பி, பிள்ளைக்கு வெயில் காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல்லித்தான் வெயில் காட்டணும் எனக்கு.

ஜூலை 8, செவ்வாய்

பிள்ளைக்குப் பால் அளக்கிற கிண்ணத்தில் 35 கோடு வரை தண்ணீர் பிடித்துச் சொம்பில் ஊற்றினேன். பத்துத் தடவை ஊற்றினால் முந்நூற்றைம்பது. சொம்பு அரைகூட நிறையவில்லை. இந்தப் பூனைக்குட்டி ஒரு பகலும் ராத்திரியும் குடிக்கிற பாலைவிடக் கொஞ்சம்தான் கூட. இவ்வளவுதான் என் மகள் சிந்தினாளாம். சொம்புத் தண்ணீரை முற்றத்தில் விட்டேன். வெயிலில் உடனே காய்ந்துவிட்டது.

அன்றைக்கு அந்தப் பையை என்னால் ஒரு கையில் தூக்க முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

பிள்ளையை மதினியிடம் விட்டுவிட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்குப் பிரமுவைப் பார்த்த சிஸ்டர் இருந்தாள். கோமதிநாயகி என்று சட்டையில் பேர் குத்தியிருக்கிறது. என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. அதைப் பார்க்கக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

முந்நூற்றைம்பதை எதில் அளந்தாய் என்று கேட்டேன். மெதுவாகப் பேசுங்க என்றாள். நான் மெதுவாகத்தான் பேசினேன், வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது அவர்கள் பாடு. பிரசவத் தட்டில் விழுந்தது, பஞ்சு, அடியில் விரித்தது, எல்லாம் பார்த்து ஒரு மதிப்புப் போட்டு எழுதுவோம் என்றாள். மதிப்பு என்றால்? கண்ணால் பார்த்துத்தான் என்றாள். கீரை வாங்குகிறவள்கூடக் கட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பாள் என்றேன்.

அதற்கு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு நாலு பிரசவம், நான் ஒரே ஆளு, இன்னொருத்தி லீவு, எனக்கு எத்தனை கை இருக்கு என்று பாடினாள். பிறகு சொன்னாள்:

"நான் வந்து பாத்த நேரமெல்லாம் துணி வெள்ளையாத்தான இருந்துச்சு. ரத்தம் இப்பிடிப் போகுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னியளாம்மா?"

இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். என் மகள் அழுக்கில் கிடக்கவில்லை என்பது என் குற்றமாம். பிள்ளை பெற்றால் ரத்தம் போகத்தான் செய்யும். அதை ஒரு நர்ஸிடம் போய்ச் சொல்லுவார்களா. எனக்கும் போனது. என் அம்மாளுக்கும் போயிருக்கும். சொன்னேனா சொல்லவில்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. மயக்கமா வருதும்மா என்று பிரமு சொன்னாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாததால் என்று நினைத்து ரொட்டி வாங்கப் போனேன்.

வரும்போது பஸ்ஸில் ஒருத்தி, உங்க மகளுக்குப் பிரசவம் ஆகிட்டா என்று கேட்டாள். ஆகிட்டு என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மருமகன் வந்தார். சுயம்புலிங்கம். துறைமுகத்தில் சரக்கு வேன் ஓட்டுகிறார். பழம் வாங்கி வந்திருந்தார். பழத்தை யார் தின்பது என்று யோசிக்கவில்லை. பிள்ளை முன்னால் உட்கார்ந்து அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கச் சொன்னேன், பயமா இருக்கு அத்தே என்றார்.

அவருக்கும் எனக்கும் கடுதாசி வந்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி கலெக்டர் ஆபீசில் கூட்டமாம். இந்த மாதிரிச் செத்த தாய்மாரைப் பற்றி டாக்டர்மாரை உட்காரவைத்துக் கேட்பார்களாம். வீட்டுக்காரர்களும் வந்து சொல்லலாமாம். நான் போவேன் என்றேன். போய் என்ன ஆகப் போகுது என்றார். முந்நூற்றைம்பதை அடிக்கணும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொம்புக் கணக்கைச் சொல்லிக் காட்டினேன். அப்போ எவ்வளவு போயிருக்கும் அத்தே என்று கேட்டார். பிள்ளை சிணுங்கியது. பால் கலக்க எழுந்துவிட்டேன்.

போகும்போது, அம்மா பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுதாவ, கூட்டம் முடியட்டும், பேசிக்கிடலாம் என்றார். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எடை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. இனி 38. அந்தக் கண்ணாடிப் பெட்டி வார்டு சிஸ்டர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, நீங்க என்ன கதை எழுதுதியளா, பாலை மட்டும் எழுதுங்க என்றாள். படித்திருப்பாளோ. படிக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

ஜெபக்கனி மறுபடியும். இந்தத் தடவை தாள் இல்லை. தானே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

கூட்டத்தில் துணி விஷயத்தை எடுக்காதீங்க என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் பழியைத் தள்ள இடம் தேடிக்கொண்டிருக்கிறாராம். நான் வாயைத் திறந்தால், கூட இருந்தவளே ரத்தத்தை மறைத்துவிட்டாள் என்று அவர் கைகழுவிவிடுவாராம். அவர்கள் கணக்கு முடிந்துவிடுமாம்.

அப்போ முந்நூற்றைம்பது அப்படியே கிடக்கட்டுமா என்றேன்.

"கெடந்துட்டுப் போகுது. ஒங்க மருமகன் அங்க இருப்பாரு. அவரு வீட்ல என்ன சொல்லுவாவன்னு யோசிச்சியளா? பிள்ளைய ஒங்க கையில விடுவாவளாக்கா?"

அந்தத் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வை என்றேன். வைத்தாள். நான் என்ன மறைத்தேன், யாரிடம் மறைத்தேன், உங்கள் ஆஸ்பத்திரிக்காரி கண் எங்கே போச்சு என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். உன் கணக்கில் ஒன்று கூடுமே என்றுதான் நீ பயப்படுகிறாய் என்றும் சொன்னேன். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பிரமுவோட கணக்கு எனக்கு ஏற்கெனவே ஏறிட்டுக்கா, மெமோவும் வாங்கிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

எனக்கு மெமோ கொடுக்க யார் இருக்கிறார்கள்.

பேசாமல் இருந்தால் பிள்ளை இங்கே இருக்கும். ரத்தம் இல்லாத சோகைக்காரி, சாதாரணப் பிரசவம்கூடத் தாங்காதவள் என்று என் மகள் சர்க்கார் தாளில் கிடப்பாள். உரலைத் தூக்கி வைக்கிறவள் அவள். மாசமாக இருக்கும்போதுகூட இரண்டு குடம் எடுத்து வந்தாள், நான் ஏசினேன்.

38, 38, 38, 30.

ஜூலை 22, செவ்வாய்

போய்விட்டு வந்தாயிற்று. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய மேசை, ஏசி குளிர். பிள்ளையை என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கலெக்டர் சின்ன வயசுக்காரர். அவருக்குப் பக்கத்தில் மெடிக்கல் காலேஜிலிருந்து வந்த நரைத்த தலை டாக்டரம்மா. எதிரே தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர், அவருக்குப் பின்னால் கோமதிநாயகி. சுவரோரமாக ஜெபக்கனியும் இன்னும் சில நர்ஸ்களும். மருமகன் என் பக்கத்தில்.

தாலுகா டாக்டர் தாளைப் பார்த்து வாசித்தார். பாதி இங்கிலீஷ். முந்நூற்றைம்பது வந்தது, சாதாரணம் வந்தது, சோகை வந்தது.

டாக்டரம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கால் மணிக்கு ஒருதடவை நாடியை எண்ணி எழுதணுமாம். எழுதியிருந்தார்கள். அதை அவள் சத்தமாக வாசித்தாள். எண்பத்திநாலு. எண்பத்திநாலு. எண்பத்திநாலு. கடைசி வரைக்கும் அதேதான். அப்புறம் திடீரென்று நூற்றிநாற்பது, வேன் வரச் சொன்னது.

"ஏம்மா, இது நாடியா, வீட்டு நம்பரா?" என்று கோமதிநாயகியைப் பார்த்துக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற என் நாடியை மூன்றுதடவை எண்ணினாலே மூன்று விதமாக வரும், பிள்ளை பெற்றவளுக்கு எப்படி இத்தனை நேரம் ஒன்றுபோல் வரும் என்றாள். நாடியின் எண், பிரஷரின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் உடம்பு ரத்தத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருளாம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதுமாம். அதைப் பார்க்கிறதற்கு அங்கே எண்ணே இல்லை, எல்லாம் ஒரே மூச்சில் எழுதினது என்றாள். பீடிக் கடையில் கணக்குப்பிள்ளை வாரக் கடைசியில் உட்கார்ந்து ஆறு நாளைக்கும் சேர்த்து ஒரே தொகையை எழுதுவான், அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்று தெரியாமல் போய்விட்டது.

கோமதிநாயகி தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அது போதவில்லை.

ஆனால் முந்நூற்றைம்பதை யாரும் தொடவில்லை. நாடியைச் சரியாப் பாத்திருந்தா சீக்கிரம் அனுப்பியிருக்கலாம், இருந்தாலும் ரத்தப்போக்கு கம்மிதானே என்று கலெக்டரே சொன்னார். வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார்.

அந்த முந்நூத்தம்பதை அடிங்க சார் என்றேன். என் பேத்தி குடிக்கிற பாலைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன். கலெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பாலும் ரத்தமும் ஒண்ணில்லையேம்மா, எவ்வளவு போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். ஜெபக்கனி சுவரோரம் நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தாலுகா டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார், எப்போ முடியும் என்கிற மாதிரி.

"துணி மாத்துனது நான்தான். அதான் தெரியும்" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். எத்தனை துணி என்று கேட்டாள். மகளுக்குத் துணி மாத்துகிறவள் எண்ணிக்கொண்டா மாத்துவாள், எண்ணவில்லை என்றேன். சரி, வீட்டிலிருந்து என்ன கொண்டுபோனீர்கள் என்றாள். இரண்டு சேலை, நாலு நாலாகக் கிழித்தது. என் வீட்டுக்காரர் வேட்டி ஒன்று, இரண்டாகக் கிழித்தது. மீதி எத்தனை திரும்ப வந்தது? மீதி இல்லை. கடைசியில் என் முந்தானையைத்தான் வைத்தேன். ஓரம் மட்டும் நனைந்திருந்ததா, முழுக்கவா? பிழிந்தால் ஒழுகும் என்றேன்.

அவள் தாள் ஓரத்தில் எழுதினாள். பத்துத் துணி. ஒரு துணி ரொம்பக் குறைவாக வைத்தால்கூட நூற்றைம்பது குடித்திருக்கும். பெருக்கினாள். "ஒன்றரை லிட்டர். முந்தானையச் சேக்காம" என்றாள். அவ்வளவுதான். மூன்றாம் கிளாஸ் பெருக்கல். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நனைந்த துணியைத் தராசில் போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் போதும், கிராமுக்கு ஒரு மில்லி, அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம் என்று அந்த டாக்டருக்கும் சொன்னாள். பிரசவத்துக்கு அப்புறம் கர்ப்பப்பை சுருங்காமல் போயிருக்கிறது, கவனித்திருந்தால் ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாம் என்றாள். சோகை இல்லை. உடம்பில் குறை இல்லை.

அப்போது தாலுகா டாக்டருக்கு உயிர் வந்துவிட்டது. அதான் மேடம், கூட இருந்த அட்டெண்டரே துணியை மறைச்சுட்டாங்க, ஸ்டாஃப் பார்க்கும்போது சுத்தமா இருந்தா அவங்க என்ன செய்வாங்க என்றார். ஜெபக்கனி சொன்ன அதே வார்த்தை.

மருமகன் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"மறைச்சேன். எடுத்துப் பையில போட்டேன். எடுக்காத, வச்சிருன்னு ஒங்க ஆஸ்பத்திரியில எவ சொன்னா? வீட்டுத் துணி கொண்டான்னு சொல்லத் தெரிஞ்சுதுல்லா, அதைக் காட்டுன்னு சொல்லத் தெரியலையா? நான் தாய். நான் சுத்தம் பண்ணத்தான் செய்வேன். பாக்கதுக்குச் சம்பளம் வாங்குறது நீங்க."

கலெக்டர் கையை அமர்த்தினார். டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து முந்நூற்றைம்பதைக் குறுக்கே ஒரு கோடு அடித்தாள். 1500க்கு மேல் என்று எழுதினாள். கீழே விவரம் எழுதி வாசித்துக் காட்டினாள். ரத்தம் நனைந்த துணிகளைத் தாயார் அகற்றியதால் அளவு அப்போது தெரியவில்லை. இதற்குச் சம்மதமா, கையெழுத்து வேண்டும், யோசித்துப் போடுங்கள் என்றாள்.

தாயார் என்று போடாதீங்க, பேரைப் போடுங்க என்றேன். முப்பிடாதி. பக்கத்திலேயே அந்த எண்பத்திநாலையும் எழுதுங்க, எழுதினவள் பேரையும் போடுங்க, ரெண்டு பேரும் ஒரே தாளில் கிடப்போம் என்றேன். டாக்டரம்மா கலெக்டரைப் பார்த்தாள். கலெக்டர் எழுதுங்க என்றார். எழுதினாள். அதற்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை மடியில் இருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

வெளியே வந்ததும் ஜெபக்கனி, ஏங்க்கா இப்பிடிச் செஞ்சிய என்றாள். உன் கணக்கை நீ பார் என்றேன். மருமகன் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பஸ்ஸில் நான் முன்சீட்டில், அவர் கடைசியில். எங்கள் நிறுத்தத்தில் அவர் இறங்கவில்லை, நேரே போய்விட்டார்.

ஜூலை 23, புதன்

38, 38, 38, 38. பீடி இலை நனைத்து வைத்தேன், வெட்டவில்லை. மதினி வந்து கூட்டத்தில் என்ன என்று கேட்டாள். அடிச்சுட்டாங்க என்றேன். யாரை என்று பதறிவிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

எடை போட்டார்கள். இனி 42. பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார்கள். வைக்கவில்லை என்றேன்.

இது என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. பார்க்காதே என்று சொன்னால் கேட்கிற வயசில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மருமகன் வந்தார். பழம் இல்லை. உள்ளே வரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். துணியெல்லாம் துவைத்து மடித்து ஒரு கட்டாக வைத்திருந்தேன். எப்படிப் பால் கலக்கணும், எந்தத் தண்ணீர், கக்கினால் எப்படித் தோளில் போடணும் என்று அவர் அம்மாளுக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் மனசுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். இரண்டு ஏச்சும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் பிள்ளையைக் கேட்கவில்லை.

"அன்னைக்கு வார்டு வாசல்ல நின்னு ஒங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். எப்பிடி இருக்கான்னு. பை ஒங்க கையில இருந்துச்சு. நல்லாயிருக்கான்னு சொன்னிய."

சொன்னேன் என்றேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னிய?"

இவரை ஏசலாம் என்று பார்த்தேன். நீர் ஏன் உள்ளே வரவில்லை, உம்ம வேனை வைத்துக்கொண்டு வெளியே யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர் என்று கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். அவர் முகம் பிரமு பிறந்த வருஷம் செத்த என் தம்பி முகம் மாதிரி ஆகியிருந்தது, எலும்பும் தோலுமாக. ஏசவரவில்லை.

"நல்லாத்தான் இருந்தா. ஒவ்வொரு துணி மாத்துனதும் கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்தா" என்றேன்.

அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. உள்ளே பிள்ளை முழித்துவிட்டது, அழவில்லை, காலை உதைக்கிற சத்தம் மட்டும் பாயில் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்ப்பார், தூக்கட்டுமா என்று கேட்பார் என்று இருந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

எழுந்தார். போயிட்டு வாரேன் என்றுதான் எப்போதும் சொல்லுவார், அத்தே என்று சேர்த்து. இன்றைக்குப் போறேன் என்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார்.

போகட்டும். முந்நூற்றைம்பதும் போய்விட்டது. அதற்கு இதுதான் விலை என்றால் இதுதான்.

மடித்து வைத்திருந்த கட்டைப் பிரித்து ஒரு துணியை எடுத்தேன். மூன்று மணிக்கு 42. ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை, கள்ளி.